வலது கவர்

பெயர் ச. பூவரசன். வயது இருபது.
உயரம் நூற்று எழுபத்தாறு, ஷூ இல்லாமல்.
எடை எழுபத்தெட்டரை.
காலையில் சாப்பிடவில்லை என்றான்,
எழுபத்தொன்பது என்று எழுதிக்கொண்டேன்.

காட்பாடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தேன்.
கல்லூரி மைதானத்தில் மேட் விரித்து
ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஏப்ரல் மாதம். வேலூர் வெயிலுக்குப்
படிவத்தில் இடமில்லை.
இரண்டாம் பாதியில் மற்றவர்கள் குதிகாலில் தத்த
இவன் மட்டும் பாதம் முழுக்க ஊன்றி நின்றதை
'தாங்குதிறன்' கட்டத்துக்குள் நுழைத்துவிட்டேன்.

கவர் ஆடுகிறவனை எடை போடுவது கஷ்டம்.
கணுக்காலைப் பிடிப்பவன் கார்னர், கைதட்டலும் அவனுக்கே.
கவர் இரண்டாவதாக வந்து சேர்கிறவன்,
பாடி வந்தவன் நடுக்கோட்டுக்கு விரல் நீட்டும்போது
இடுப்பில் வந்து சாத்துகிற கதவு.

மூன்று ஆட்டம் பார்த்தேன்.
பதினொரு முயற்சி, ஆறு பிடி. சுமார்தான்.
யாரும் கேட்காத ஒன்றையும் எண்ணினேன்:
எதிரணியின் நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்
இவன் பக்கம் வந்தவை இருபத்தொன்பது.
மீதிப் பேர் இடப்பக்கமே சுற்றிவிட்டுத் திரும்பினார்கள்,
நாய் கட்டிய வீட்டுக்குக் கேட்டிலேயே தபால் போடுகிறவர்கள் மாதிரி.
நடக்காத பாட்டுக்கு யார் புள்ளி போடுவது?

பிறகு அந்த அரையிறுதி.
முப்பத்தெட்டாவது நிமிடம், ஒரு புள்ளி முன்னிலை,
டூ ஆர் டை.
ஆரணிப் பையன் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டினான்,
நீட்டுகிற மாதிரி.
பூவரசன் பாய்ந்தான், அரை நொடி முன்னால்.
கால் அங்கே இல்லை.
மூன்று பேர் அவுட்.
ஆரணி கெலித்தது.

"அவசரக்காரன் மேடம், அது ஒண்ணுதான் கொறை"
என்றார் கோச் ஏகாம்பரம்,
டீயிலிருந்து எறும்பை எடுத்தபடி.

இரவு தோட்டப்பாளையத்தில் லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்து வந்த குடும்பம்
பக்கத்து அறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தது.
வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
பதினாலாவது தடவை
கால்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன்.

கவரும் கார்னரும் கைகோத்து நிற்பார்கள்.
கார்னர், குடியாத்தத்து ஜெயசீலன்.
அவன் விரல்கள் ஒருமுறை இறுகுகின்றன.
இறுகினால் போ என்று அர்த்தம்.
நான் ஒன்பது வருஷம் கவர் ஆடியவள்,
சுண்டுவிரல் இன்னும் கோணல்.
அந்த அழுத்தம் மூளைக்குப் போகாது,
நேரே தொடைக்குப் போகும்.

காலையில் கேட்டேன்:
"அந்த டூ ஆர் டையில யாரு சிக்னல் குடுத்தது?"
மேட் சுருட்டிக்கொண்டிருந்த ஜெயசீலன்
நிறுத்தவில்லை. மெதுவாக்கினான்.
பூவரசன் லேஸை அவிழ்த்துக் கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.
"ஒர்த்தரும் குடுக்கல மேடம்.
நான்தான் பூட்டேன்."

என் பையில் ஜெயசீலனின் படிவமும் இருப்பது
இவனுக்குத் தெரியுமா?
இருக்கிற இடமோ ஒன்று.

கடைசிப் பக்கத்தில் 'நேர்மை' என்று ஒரு கட்டம், ஐந்துக்கு.
காலியாக விட்டுப் பார்த்தேன்.
டேப்லெட் சிவப்பு எழுத்தில் சொன்னது,
இது கட்டாயம் நிரப்ப வேண்டியது.

திருவலம் பாலம், கீழே பொன்னையாற்று மணல்.
இரண்டு போட்டேன். பொய் பொய்தானே.
வாலாஜா ரோட்டில் அழித்தேன்.
எதிர் இருக்கைக்காரர் பிளாஸ்கைத் திறந்து
காபி வேண்டுமா என்று கேட்டார், வாங்கிக்கொண்டேன்.
சோளிங்கர் தாண்டி நாலு போட்டேன்.

'அவசரம்' என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று
அரக்கோணம் வரை தெரியவில்லை.
ஜெயசீலன் படிவத்தை
இன்னும் திறக்கவில்லை.